தேயிலைக்காரனின் முன்பல்

என் முன்பல் உடைந்த அன்று என் மனைவி அடைந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை.

உடைந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தேன். நீளமான மேஜை, மேஜை நிறைய வெள்ளைக் கிண்ணங்கள், கிண்ணத்துக்கு ஒரு லாட், அதாவது தோட்டத்திலிருந்து ஒரே தொகுப்பாக வந்த தேயிலை. பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ஆழமான கரண்டியில் அள்ளி, சர்ரென்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும். வீட்டில் இப்படிக் குடித்தால் திட்டு விழும்; எங்களுக்கு அதற்குத்தான் சம்பளம். அப்படி உறிஞ்சினால்தான் டீ வாய் முழுக்கத் தெறித்து, மணம் மூக்குக்கு ஏறும். ருசி தெரிந்ததும் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவோம். மதியத்துக்குள் ஒரு தெருவே குடிக்கிற டீ என் வாய்க்குள் வந்து திரும்பியிருக்கும். அன்றைக்கு நான் கரண்டியை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து, எங்கள் தலைமை ருசிபார்ப்பவர் என் காதருகில் தும்மினார். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். தும்மலும் பெரியதுதான். நான் துள்ளினேன், கரண்டி பல்லில் இடித்தது. ஏற்கெனவே அடைத்து வைத்திருந்த பல். பாதி உடைந்து கிண்ணத்துக்குள் விழுந்தது.

பெரியவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "இந்த லாட்டுல கல்லு கிடக்குதுப்பா. வேண்டாம்னு எழுது" என்றார்.

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த என் மனைவி கைக்குட்டையை விலக்கிப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடேயப்பா! மேல் வரிசை, நட்ட நடுப்பல்லு! எத்தனை பேருக்குங்க இப்படி அமையும்?"

"எனக்கு வலிக்குது" என்றேன்.

"வலிக்கும், வலிக்கும். வாங்க, வெளிச்சத்துக்கு வாங்க."

அவள் பல் செய்கிறவள். டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து, நிறத்துக்கு ஒரு எண் எழுதி அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு பீங்கானில் பல் செய்து அனுப்புவது லேப் வேலை. அந்தப் பல் யார் வாயில் போய் உட்கார்ந்தது, அவர் அதை வைத்துக்கொண்டு சிரித்தாரா என்பதெல்லாம் இவளுக்குத் தெரியவே தெரியாது. லேப் முதலாளிக்கு ஒரே ஒரு வசனம்தான்: "போதும்மா, வாய்க்குள்ள போய் யாரு பார்க்கப் போறா?" இவள் ஒரு பல்லுக்கு இன்னும் கொஞ்சம் மெருகு வேண்டும் என்று கையை நீட்டும்போதெல்லாம் அவர் அதைச் சொல்லுவார். அந்த வசனம் காதில் விழாத ஓர் அறையில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. எங்கள் வீட்டின் பின்னறையை அதற்காக எப்போதோ காலி செய்து வைத்திருந்தாள்.

அறை இருந்தது. வேலை தருகிற ஆள் வேண்டுமே. நகரத்தின் பெரிய பல் ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டரிடம் போய்க் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். உயிருள்ள ஒரு வாயில், மேல் நடுப்பல் ஒன்றை மட்டும் செய்து மாட்டிக் காட்ட வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து எது செய்த பல் என்று அவரால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அவருடைய ஆஸ்பத்திரி வேலை முழுவதும் இவளுக்கு. நடுப்பல் இரண்டில் ஒன்றை மட்டும் செய்வது இந்தத் தொழிலில் மிகவும் கஷ்டமாம். இரண்டையும் செய்தால் ஒன்று போல இன்னொன்று. ஒன்று மட்டும் என்றால், கடவுள் செய்ததற்குப் பக்கத்தில் இவள் செய்தது நிற்க வேண்டும். அப்படி ஒரு வாய் கிடைக்காமல்தான் காத்திருந்தாள். அது தானாக நடந்து வீட்டுக்கே வந்துவிட்டது. அந்தப் பெரிய டாக்டருக்கு அன்றே போன் போட்டாள்; சில வாரங்களில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா அவளுடைய தோழி. முதலில் என் பற்களைச் சுத்தம் செய்தார். வருஷக்கணக்கில் படிந்த டீக்கறை தண்ணீர் பீய்ச்சும் கருவியின் முன்னால் கரைந்து போனது. கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். தேர்தல் சுவரொட்டியிலிருந்து இறங்கி வந்த ஆள் போல இருந்தேன்.

என் மனைவி நிறம் பார்க்கும் மாதிரிப் பற்களை விசிறி போல விரித்தாள். குட்டிக் குட்டிப் பற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒவ்வொன்றாக என் பல்லருகே வைத்துப் பார்த்தாள். இத்தனை காலம் எண்ணை மட்டுமே பார்த்து வேலை செய்தவளுக்கு முதன்முறையாக ஒரு வாயே கிடைத்திருந்தது.

அந்த ஆனந்தத்தில்தான் தவறு நடந்தது. பல்லைச் சுத்தம் செய்து, ராவி, அச்செடுத்து முடிக்கும் வரை வாயைத் திறந்தே வைத்திருந்தார்கள். உதட்டுக்குள் பஞ்சு. பல் நன்றாகக் காய்ந்துவிட்டது. காய்ந்த பல் உள்ளதைவிட வெள்ளையாகத் தெரியும். எச்சில் ஊறிய பிறகுதான் சொந்த நிறத்துக்குத் திரும்பும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், டாக்டர்களிடம் அவள் போனில் போட்ட சண்டைகளைக் கேட்டுத்தான். "வாய் காயறதுக்கு முன்னாடி நிறம் பாருங்கன்னு எத்தனை தடவை சொல்றது டாக்டர்? ஈரத் துணியும் காய்ஞ்ச துணியும் ஒரே நிறமா?" அப்படிச் சண்டை போட்டவள் காய்ந்த பல்லுக்கு நிறம் பார்த்து, குறித்துக்கொண்டு, உற்சாகமாக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ராவிய பல்லின் மேல் மாட்டுகிற பீங்கான் பல், அதாவது கேப், தயாரானது. ஒட்டும்போதும் வாயைத் திறந்து, பஞ்சு வைத்து, காற்றடித்துக் காயவைத்துத்தான் ஒட்டினார்கள். அதனால் அங்கே அச்சு அசலாகப் பொருந்தியது. மூன்று பேரும் கைதட்டாத குறை.

வீட்டுக்கு வந்து, டீ குடித்து, என் மைத்துனன் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தேன். அவன் என் மனைவியின் தம்பி. டாக்ஸி ஓட்டுகிறவன், எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தான். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"அத்தான், அந்த ஒரு பல்லுக்கு மட்டும் தனியா கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்திருக்கீங்களா?"

அவள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காய்ஞ்சு போனப்புறம் பார்த்துட்டேன்" என்றாள். "ஊர்ல இருக்கிற டாக்டரை எல்லாம் திட்டினேனே."

"எடுத்துட்டு வேற வெச்சா?"

"ஒட்டியாச்சு. எடுக்கணும்னா அறுத்துத்தான் எடுக்கணும். புதுசு செய்யறதுக்குள்ள பெரிய டாக்டர் வந்துடுவாரு."

பிறகு நிமிர்ந்தாள். கேப்பின் நிறத்தை இறக்க முடியாது. ஆனால் மற்ற பற்களை ஏற்றலாமே! டாக்டரம்மாவிடம் பேசி, வெளுக்கும் மருந்தும் அதை ஊற்றிப் பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு தட்டும் வாங்கி வந்தாள். அதன்பின் டாக்டர் வருகிறவரை அந்த வெள்ளை இறங்காமல் காப்பது என் பொறுப்பு.

எங்கள் வீட்டில் வெள்ளை ஆட்சி தொடங்கியது. காபி இல்லை, பீட்ரூட் இல்லை, கறுப்பு திராட்சை இல்லை. தட்டில் முட்டையின் வெள்ளைக்கரு, காலிஃபிளவர், முள்ளங்கி, வெள்ளை ரொட்டி, பக்கத்தில் ஒரு டம்ளர் பால்.

மைத்துனன் தட்டைப் பார்த்தான். "அக்கா, இது சாப்பாடா, சுவத்துக்கு அடிக்கிறதா?"

"நீ மாடிக்குப் போய் உன் சாப்பாட்டைச் சாப்பிடு."

"உதவி பண்ணலாம்னு வந்தேன். எலுமிச்சைச் சாறுல சோடா உப்பைக் குழைச்சுத் தேய்ச்சா பல்லு பளிச்சுனு ஆயிடுமாம். போன்ல ஒரு வீடியோ பார்த்தேன்."

"ஆகும். பாத்திரம் ஆகும். பல்லுக்கு மேல இருக்கிற வெள்ளைத் தோலை அந்தப் புளிப்பு அரிச்சுடும்டா. அடியில இருக்கிறது மஞ்சள். வெளுக்கணும்னு தேய்ச்சுத் தேய்ச்சு மஞ்சளாகி நிப்பாரு. போனா திரும்ப முளைக்க அது என்ன தலைமுடியா?"

"அத்தானுக்கு அதுவும் முளைக்கலையே" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினான்.

நானும் சும்மா இருக்கவில்லை. பிரஷ்ஷின் முள்ளெல்லாம் நாலா பக்கமும் மல்லாந்து படுக்கும் அளவுக்கு அழுத்தித் தேய்த்தேன். ஈறில் ரத்தம் வந்தது. அவள் பிரஷ்ஷைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ் ஒன்றைக் கொடுத்தாள். கைப்பிடியில் முயல் படம். "இதால மெதுவா, வட்டமா. சாப்பிட்ட உடனே தேய்க்காதீங்க. முதல்ல தண்ணி விட்டுக் கொப்பளிங்க, கொஞ்ச நேரம் கழிச்சுத் தேய்ங்க. தேய்க்கறது அழுக்கு போகத்தான், பல்லு போக இல்ல."

இதெல்லாம் பரவாயில்லை. வேலைக்கு என்ன செய்வது? வெளுத்த பல்லில் கறை சீக்கிரம் ஏறும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். கிண்ணத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொப்பளித்தேன். அதுவும் போதாதென்று தோன்றியது. உறிஞ்சுவதை நிறுத்தினேன். உதட்டைக் குவித்து, டீ முன்பற்களில் படாமல் நேராக நாக்கின் நடுவில் விழும்படி ஊற்றிக்கொண்டேன்.

பெரியவர் இரண்டு நாள் பார்த்தார். "என்னப்பா, கசப்பு மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி குடிக்கிற?"

"பல்லு கூசுதுங்க" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் நான் நன்று என்று சொல்லி அனுப்பிய ஒரு லாட் கலவைப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. புகை வாடை. உலர்த்துகிற அடுப்பில் எங்கோ ஓட்டை விழுந்து, இலை முழுவதும் புகை குடித்திருந்தது. பெரியவர் அதே டீயைப் போட்டு என் முன்னால் வைத்தார். உறிஞ்சினேன். ஒழுங்காக உறிஞ்சியதும், ஈர விறகை மூட்டியது போல மூக்கில் அடித்தது.

"வாசல்ல நிக்கிற காவல்காரனுக்கே தெரியுது. உன் நாக்கு என்ன லீவு போட்டிருக்கா?" என்றார். திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து இதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். பெரியவரின் குரலில் பேசிக்கூடக் காட்டினேன். மைத்துனன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த முள்ளங்கியையும் கத்தியையும் கீழே வைத்தாள்.

"நாளைக்குப் போய் அதை அறுத்து எடுத்துடலாம்."

"எதை?"

"அந்தப் பல்லை."

"பெரிய டாக்டர் வர்றாரேம்மா. இன்னும் கொஞ்ச நாள்தானே, நான் பார்த்துக்கறேன்."

"வரட்டும். வாய்க்குப் பல்லு செய்யறதுதாங்க என் வேலை. பல்லுக்குத் தோதா வாய் செய்யறது இல்ல." பிறகு தம்பியைப் பார்த்து, "நீ போய் ஒரு கிலோ பீட்ரூட் வாங்கிட்டு வா" என்றாள்.

மறுநாள் டாக்டரம்மா கேப்பை அறுத்தெடுத்தார். அத்தனை பாடுபட்டுச் செய்த பல் இரண்டு துண்டாக ஒரு தட்டில் கிடந்தது. என் மனைவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதுப்பல் வரும்வரை மூளியாக இருக்க வேண்டாமென்று டாக்டரம்மா வாயிலேயே பிளாஸ்டிக்கைக் குழைத்துத் தற்காலிகமாக ஒன்றை வைத்துவிட்டார். லேப்காரர்கள் அதைப் பல் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். இவள் அதற்கு வைத்திருந்த பெயர் டப்பா மூடி.

வெளுக்கும் மருந்தை நிறுத்தினோம். தட்டில் வண்ணங்கள் திரும்பி வந்தன. நான் அலுவலகத்தில் போய்ச் சர்ரென்று உறிஞ்சிய சத்தத்தில் பெரியவர் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார். "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னார். பல்லெல்லாம் நாளுக்கு நாள் பழைய நிறத்துக்கு இறங்கின. இவள் தினமும் பார்த்து, நிறம் ஒரு நிலைக்கு வந்து நிற்கட்டும், அப்புறம் செய்கிறேன் என்று காத்திருந்தாள்.

அதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார். வெளியூர் போகிறாராம், போகும் வழியில் முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். உயரமான மனிதர், எங்கள் வாசலுக்குக் குனிந்துதான் நுழைந்தார். பையை வைத்துவிட்டு நேராக ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, இரண்டு விரலால் முகவாயை உயர்த்தினார். என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "ஷ்ஷ்" என்று கையமர்த்திவிட்டார்.

பார்த்தார், பார்த்தார், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். கடைசியில் ஒரு பல்லை விரலால் தட்டினார். "இதுதானே?"

மாடிப்படியில் நின்றிருந்த மைத்துனன், "அது அத்தானோட அம்மா கொடுத்தது டாக்டர்" என்றான்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அசத்திட்டீங்கம்மா. சொன்ன சொல் சொன்னதுதான். வேலை எல்லாம் உங்களுக்குத்தான்."

எனக்கு விஷயம் அப்போதுதான் விளங்கியது. பிளாஸ்டிக் டீயைக் குடிக்கும். மெருகேற்றிய பீங்கான் அப்படிக் குடிக்காது. அந்த டப்பா மூடி என் கூடவே மேஜைக்கு வந்து, கிண்ணம் கிண்ணமாகக் குடித்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். பேசாமல் இரு தாயே என்று கண்ணால் கெஞ்சினேன். பின்னறை, மேஜை, ஜன்னல் எல்லாம் ஒரு "சரிங்க டாக்டர்" தூரத்தில் இருந்தன.

"டாக்டர், அது நான் செஞ்ச பல்லு இல்ல" என்றாள்.

நடந்ததையெல்லாம் சொன்னாள், காய்ந்த பல்லுக்கு நிறம் பார்த்தது உட்பட. டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என் வாயை இன்னொரு தடவை பார்த்தார். "பிளாஸ்டிக்கா!"

"டீ குடிச்ச பிளாஸ்டிக். அதுக்காக வேலை கொடுக்கறதா இருந்தா இவரோட கம்பெனிக்குத்தான் கொடுக்கணும்."

"சொல்லாமலே இருந்திருக்கலாமே, நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

"அப்புறம் நீங்க அனுப்பற ஒவ்வொரு பல்லுக்கும் நான் டீயா ஊத்திட்டிருப்பேன்?"

அவர் பையை எடுத்துக்கொண்டார். "ஊருக்குப் போயிட்டு வர்றேன். பீங்கான் பல்லை மாட்டி வைங்க. மறுபடியும் பார்க்கறேன்" என்றார். வேலை தருகிறேன் என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

அவர் போனதும் மைத்துனன், "அக்கா, உனக்குப் பல்லு செய்யத் தெரியும், வாயை மூடத் தெரியாது" என்றான். அவள் அதற்கும் சிரித்தாள்.

இந்த முறை காலையில் நான் கண் விழித்ததும் ஜன்னலுக்கு அழைத்துப் போவாள். "உதட்டை மூடுங்க. நாக்கால நனைங்க. இப்போ திறங்க. போதும், மூடுங்க." கண நேரம்தான் பார்ப்பாள். நெடுநேரம் பார்த்தால் கண்ணும் பழகிப் பொய் சொல்லும் என்பாள். பல் என்றால் ஒரே நிறம் என்று நான் நினைத்திருந்தேன். ஈறோரம் வெண்ணெய் நிறம், நடுவில் பழைய தந்தம், நுனியில் கண்ணாடி போல ஒரு சாம்பல் என்று என் ஒரு பல்லிலேயே அத்தனை இருந்ததாம். முடியைவிட மெல்லிய தூரிகையால் டீக்கறைக் கோடு ஒன்றைக்கூட வரைந்தாள். முதலில் செய்ததைத் தானே உடைத்துப் போட்டாள். அடுத்ததை முதலாளி எட்டிப் பார்த்து, "போதும்மா" என்றாராம். அதையும் உடைத்தாள். அதற்கடுத்தது என் வாய்க்கு வந்தது.

பெரிய டாக்டர் சொன்னபடி வந்தார். அதே ஜன்னல், அதே இரண்டு விரல். இந்தத் தடவை மைத்துனன்கூடப் படியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தான். அவர் பல்லைப் பார்த்தார், விலகிப் போய்ப் பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். என்னைச் சிரிக்கச் சொன்னார், வாயை மூடச் சொன்னார், மறுபடி சிரிக்கச் சொன்னார். பிறகு விரலை நீட்டினார்.

"இது."

சரியான பல்.

என் மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். அவள் குரல் வந்தது. "எங்கே தப்பு டாக்டர்? ஈறோரமா? நுனியா?"

"பல்லுல ஒரு தப்பும் இல்லம்மா. பல்லை மட்டும் பார்த்திருந்தா இன்னிக்கு முழுக்க நின்னிருப்பேன். தப்பு உங்க வீட்டுக்காரர்கிட்ட. மத்த பல்லைப் பார்க்கும்போது இவர் நாக்கு சும்மா இருக்கு. நான் இந்தப் பல்லுகிட்ட வந்தா போதும், ஓடிவந்து தொட்டுப் பார்த்துட்டுப் போகுது."

மைத்துனன் படியிலேயே உருண்டான். அவள் என் பக்கம் திரும்பினாள். இடுப்பில் இரண்டு கையும் இருந்தன.

"ஒரு நாள்! ஒரே ஒரு நாள் அந்த நாக்கை அடக்கி வெச்சிருக்கக் கூடாதா?"

"அதை வெச்சுத்தானே பிழைக்கிறேன்" என்றேன்.

டாக்டர் சிரித்து முடிக்கக் காத்திருந்து, அச்சுகளைத் திங்கட்கிழமையிலிருந்து அனுப்புவதாகச் சொன்னார். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: இளம் டாக்டர்களை அவ்வப்போது கூட்டி வருவார், அவர்களுக்கு இந்த வாயைக் காட்ட வேண்டும்.

அதனால் என் பற்களின் நிறம் அன்று நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. கிண்ணத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், வருஷத்துக்கு இரண்டு தடவை டாக்டரம்மாவின் நாற்காலி. இத்தனைக்கும் நடுவில் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டே ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். அவள் பின்னறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பல் செய்தாள். யாரும் "போதும்" என்று சொல்லாததால் சில பற்களுக்கு மிகவும் தாமதமானது. டாக்டர் போனில் கத்துவார், இவளும் கத்துவாள்.

அவள் காலமான வாரத்தில் டாக்டர் வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, எங்கள் வாசலுக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. என் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது எழுந்து நின்று, "கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

ஜன்னலோரம் போய் முகத்தை உயர்த்தினேன். அவர் குனிந்து பார்த்தார். நாக்கு அங்கே போகப் பார்த்தது. கீழ்ப்பற்களுக்குப் பின்னால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியலையே" என்றார்.